இம்ஹோதெப் செய்த பாவம் என்ன? மம்மி படங்களை முன்வைத்து ஒரு வழக்கு

பழஞ்சுவடி: நேற்றிரவு 1999ஆம் ஆண்டின் ‘தி மம்மி’யை மறுபடி பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். இம்ஹோதெப் பண்டைய எகிப்தின் மன்னர் ஜோசெரின் அமைச்சர். சக்காராவின் படிப் பிரமிடை எழுப்பியவராகப் போற்றப்படுபவர். பிற்கால எகிப்தியர் அவரை மருத்துவக் கடவுளாகவே கும்பிட்டார்கள். படத்தில் அவர் மன்னரின் ஆசைநாயகியோடு கூடி மன்னரைக் கொன்று, பிணமாக எழுந்து ஊரை அழிக்கிறார். அதுவும் முதலாம் சேத்தியின் காலத்தில்! ஜோசெருக்கும் சேத்திக்கும் நடுவே சுமார் 1,350 ஆண்டுகள். வடக்கே இருக்கும் பெரிய பிரமிடுகளைத் தெற்கே தீப்ஸ் நகரில் கொண்டுபோய் நிறுத்தியதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கடைசிவரிசை: ஐயா, நீங்கள் பேய்ப்படம் பார்த்தீர்களா, விடைத்தாள் திருத்தினீர்களா? அந்தப் பெயரை எடுத்தாண்டது 1999இல் அல்ல. 1932இலேயே அதே பெயரில் வந்த படத்தில் போரிஸ் கார்லோஃப் இம்ஹோதெப்பாக நடித்துவிட்டார். 1922இல் எகிப்திய மன்னர் தூத்தன்காமன் கல்லறை கண்டெடுக்கப்பட்ட பரபரப்பு தணியாத காலம் அது. திரைக்கதை எழுதிய ஜான் பால்டர்ஸ்டன், அந்தக் கல்லறைச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதியவர். கதாநாயகிக்குத் தூத்தன்காமன் மனைவியின் பெயரையே வைத்தார்கள். இந்தப் படங்கள் இல்லையென்றால் இம்ஹோதெப் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

பழஞ்சுவடி: கொலைகாரனாகக் கேள்விப்படுவதைவிடக் கேள்விப்படாமலே இருக்கலாம். முதல் வம்சத்துக்கும் முந்தைய எகிப்திய மன்னரான தேள் அரசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் வந்த ‘தி மம்மி ரிட்டர்ன்ஸ்’ படத்தில் பாதி உடல் தேளான அரக்கன். 2002இல் அவருக்கென்றே எடுத்த படத்தில் மெசொப்பொத்தேமியாவின் அக்காத் நாட்டுக் கூலி வீரன். அக்காத் பேரரசு தோன்றியதோ அவருக்குச் சுமார் 800 ஆண்டுகள் கழித்து. தென் எகிப்தின் பழைய நகரமான ஹியராகோன்போலிஸில் 1897–98 அகழாய்வில் கிடைத்த தண்டாயுதத் தலையில் அவர் எப்படி நிற்கிறார் தெரியுமா? வெள்ளைக் கிரீடம் அணிந்து, கையில் மண்வெட்டியோடு. வாய்க்கால் வெட்டத் தொடங்கிவைக்கிறார் என்கிறார்கள் பலர்.

கடைசிவரிசை: மண்வெட்டி பிடித்தவரை வைத்து இரண்டு மணி நேரம் யாரைப் பயமுறுத்துவது? அந்தத் தண்டாயுதத்தில் அவர் முகத்துக்கு எதிரே ஒரு தேள், ஒரு பூ. அவர் பெயருக்கு இருக்கும் சான்று ஏறக்குறைய அவ்வளவுதான். வரலாறு காலியாக விட்ட இடத்தில் கற்பனை குடியேறுகிறது. காலியிடத்தில் குடியேறியவனைத் திருடன் என்பீர்களா?

பழஞ்சுவடி: காலியிடமா? பழைய மன்னர்களின் இடுகாடான அபிடோஸில் 1988இல் தொல்லியலாளர் குந்தர் டிரெயர் தோண்டிய, ‘யு-ஜே’ என்று குறியிடப்பட்ட கல்லறை அவருக்கும் முந்தைய இன்னொரு தேள் அரசனுடையது என்று கருதப்படுகிறது, சுமார் கி.மு. 3200. உள்ளே நூற்றுக்கணக்கான மது ஜாடிகள். எகிப்தின் மிகப் பழைய எழுத்துகளில் சேரும் சிறு சிறு பெயர்ச்சீட்டுகளும் அங்கேதான் கிடைத்தன.

தேன்மொழி: குறுக்கிடுவதற்கு இருவரும் பொறுக்க வேண்டும். பயமுறுத்த ஆள் இல்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அதே அபிடோஸில் முதல் வம்சத்து மன்னர் ஜெர் கல்லறையைச் சுற்றி 300க்கும் மேற்பட்ட சிறு குழிகள் உண்டு. பணியாட்கள், அரண்மனைப் பெண்கள். மன்னரோடு சேர்த்து அனுப்பப்பட்டவர்கள்.

கடைசிவரிசை: கொன்றுதான் புதைத்தார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள் அம்மா? அவரவர் காலம் முடிந்து இறந்தபோது மன்னர் அருகில் இடம் கொடுத்திருக்கலாமே.

தேன்மொழி: ஜெர் விஷயத்தில் அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் அதே வம்சத்தின் கடைசி மன்னர்களான செமர்கெத், கா ஆகியோரின் கல்லறைகளில் பணியாட்களின் அறைகள் மன்னரின் அறையை ஒட்டியே இருக்கின்றன. மேலே ஒரே மூடுகட்டுமானம். ஒவ்வொருவராக இறந்து வந்தால் அதை எத்தனை முறை பிரிப்பது? அந்த வம்சத்தோடு வழக்கமும் மறைந்தது. ஜெர் கல்லறையில் இன்னொன்றும் கிடைத்தது: துணி சுற்றிய ஒரு கை, நான்கு வளையல்களோடு. அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அதைக் கெய்ரோ அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பொறுப்பிலிருந்த எமில் புருக்ஷ் வளையல்களை வைத்துக்கொண்டு, கையையும் துணியையும் தூக்கி எறிந்துவிட்டார்.

கடைசிவரிசை: எறிந்துவிட்டாரா? மம்மியையா?

தேன்மொழி: ஆம். மன்னருடையதா, அரசியுடையதா என்று இனிச் சொல்லவும் வழியில்லை. அருங்காட்சியகம் ஆபத்தான இடம் என்று பெட்ரி கசந்து எழுதினார்.

கடைசிவரிசை: அந்தக் கை குப்பையிலிருந்து கிளம்பித் தன் வளையல்களைத் தேடி வந்தால்? இதை எடுத்தால் முதல் டிக்கெட் என்னுடையது. பழஞ்சுவடி ஐயாவுக்கும் சேர்த்தே எடுக்கிறேன்.

பழஞ்சுவடி: அதை இம்ஹோதெப்பின் கை என்று சொல்லாமல் இருந்தால் வருகிறேன்.