சிற்றூர்க் கடைக் கணினிக்குக் குறைந்த விலையில் யூஎஸ்பி மோடம்: எதைப் பார்த்து வாங்குவது?

நத்தம் ஜெராக்ஸ்:

அனைவருக்கும் வணக்கம். நத்தத்திற்கு அருகே, கரந்தமலை அடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறேன். தேர்வாணைய விண்ணப்பங்கள், நுழைவுச்சீட்டு அச்செடுத்தல், மின்கட்டணம் செலுத்துதல் போன்ற இணைய வேலைகளையும் செய்து தருகிறோம். எங்கள் தெருவுக்கு ஃபைபர் இணைப்பு இன்னும் வந்து சேரவில்லை. கடையில் இருப்பது வைஃபை வசதி இல்லாத மேசைக் கணினி. விண்டோஸ் 10 போட்டிருக்கிறது. இப்போதைக்கு என் கைப்பேசியைக் கேபிள் வழியாகக் கணினியில் இணைத்துத்தான் வேலை நடக்கிறது. நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டால், கடையில் இருக்கும் தம்பியால் எதுவும் செய்ய முடிவதில்லை.

ஆகவே சிம் போட்டுக் கணினியில் செருகும் யூஎஸ்பி மோடம் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். 2,000 ரூபாய்க்குள் முடித்தால் நல்லது. இணையக் கடைகளில் பெயர் தெரியாத டாங்கிள்கள் பல இருக்கின்றன; எல்லாவற்றிலும் 150 எம்பிபிஎஸ் என்றும், எல்லா சிம்மும் வேலை செய்யும் என்றும் போட்டிருப்பதால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று புரியவில்லை. உறவினர் ஒருவர் தம்மிடம் உள்ள பழைய 3ஜி டேட்டா கார்டைச் சும்மாவே தருவதாகச் சொல்கிறார். அது உதவுமா? எங்களிடம் ஜியோ, ஏர்டெல் இரண்டு சிம்களும் உள்ளன. வாசலில் இரண்டுமே நன்றாக எடுக்கின்றன; கான்கிரீட் கூரை போட்ட கடைக்குள் வந்தால் இரண்டுமே குறைந்துவிடுகின்றன.

அலைவரிசை:

வணக்கம் சகோதரி. முதலில் அந்தப் பழைய டேட்டா கார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது உங்களுக்குப் பயன்படாது. ஜியோ 2016-இல் சேவையைத் தொடங்கியபோதே 4ஜி மட்டுமே கொண்டு தொடங்கியது. அதற்கு 3ஜி என்பதே கிடையாது. ஏர்டெல்லும் தன் 3ஜி சேவையைச் சில ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. அன்போடு தருகிறார் என்பதற்காக வாங்கி வைத்தாலும் இணைப்பு கிடைக்காது.

அடுத்து, பெட்டியின் மேல் போட்டிருக்கும் 150 எம்பிபிஎஸ் என்னும் எண்ணை முற்றிலும் மறந்துவிடுங்கள். அது 4ஜி மோடம்களில் நான்காம் வகையைச் சேர்ந்தவை எல்லாவற்றுக்கும் பொதுவான உச்ச அளவு. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை முழுவதும் ஒருவருக்கே கிடைத்தால் எட்டக்கூடிய வேகம் அது. விண்ணப்பம் நிரப்பவும் புகைப்படம் ஏற்றவும் உங்களுக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் தடையில்லாமல் கிடைத்தாலே போதும்.

நீங்கள் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி, அந்த மோடம் எந்தெந்த பேண்டுகளில், அதாவது எண் கொடுத்துப் பிரிக்கப்பட்ட எந்தெந்த அலைவரிசைப் பகுதிகளில், வேலை செய்யும் என்பதுதான். ஜியோவின் 4ஜி, பேண்ட் 3 (1800 மெகாஹெர்ட்ஸ்), பேண்ட் 5 (850), பேண்ட் 40 (2300) ஆகிய மூன்றில் வருகிறது. ஏர்டெல் பேண்ட் 1 (2100), 3, 8 (900), 40 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. பிஎஸ்என்எல் 4ஜி, பேண்ட் 28 (700), பேண்ட் 1 ஆகியவற்றில் வந்திருக்கிறது. மெகாஹெர்ட்ஸ் எண் குறைவான அலைவரிசைகள், அதாவது 700, 850, 900 ஆகியவை தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு கடந்து உள்ளே வரும். 2300 வேகம் தரும், ஆனால் டவர் அருகில் இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் எளிதில் நுழையாது. வாசலில் நன்றாக எடுத்து, உள்ளே குறைகிறது என்று நீங்கள் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இதில் ஏமாறும் இடம் எது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஹுவாவேயின் இ3372எச் என்னும் மோடம் உலகெங்கும் பெயர் பெற்றது. அதே பெயரில், கடைசி எண் மட்டும் மாறிப் பல வகைகள் உண்டு. 153 என்று முடியும் வகை ஐரோப்பாவுக்காகச் செய்யப்பட்டது. அதில் பேண்ட் 1, 3, 7, 8, 20 மட்டுமே உண்டு. 607 என்று முடியும் வகையில் 1, 3, 7, 8, 28, 40 உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. இரண்டிலுமே பேண்ட் 5 இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் கடைக்குள் ஜியோவின் 850 மட்டுமே வந்து சேருகிறது என்றால், 3,000 ரூபாய் கொடுத்து அந்த மோடத்தை வாங்கினாலும் ஜியோ சிம்முக்கு அது உதவாது.

எனவே வாங்குவதற்கு முன்பு உங்கள் கைப்பேசியை, மோடம் இருக்கப்போகும் அதே மேசையில் வைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் நெட்மான்ஸ்டர் என்னும் செயலி எந்த பேண்டில் இணைந்திருக்கிறது என்றும், ஆர்எஸ்ஆர்பி என்னும் சிக்னல் அளவு எவ்வளவு என்றும் காட்டும். சாம்சங் கைப்பேசியாக இருந்தால் *#0011# என்று அழுத்தியும் பார்க்கலாம். 5ஜி கைப்பேசியாக இருந்தால், அமைப்பில் 4ஜி-க்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்; இல்லையேல் அளவு குழப்பும். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 90-க்கு மேலே, அதாவது மைனஸ் 85, 80 என்று, இருந்தால் நன்று. மைனஸ் 100-ஐ ஒட்டி இருந்தால் வேலை ஓடும். மைனஸ் 110-ஐத் தாண்டிக் கீழே போனால் பக்கம் பாதியில் நிற்கும். இரண்டு சிம்களையும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

மேசைக்கணினி மதுரை:

மேலே சொன்னது முழுக்கச் சரி. கணினி பழுது பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

1,500 ரூபாய்க்குக் கீழே விற்கும் பெயரில்லாத டாங்கிள்கள் பலவற்றின் உள்ளே இருப்பது, முன்பு கைப்பேசிகளில் வந்த குவால்காம் ஸ்நாப்டிராகன் 410 வகைச் சிப்பும் பழைய ஆண்ட்ராய்டும்தான். அவை வைஃபையும் தரும்; பல கடைகளில் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் சூடு அதிகம். விற்பவர் பேண்ட் பட்டியலைக் கொடுக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். வந்தவுடன் அதன் அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் கட்டாயம் மாற்றுங்கள். அட்மின் என்றே விட்டுவைத்தால், தெருவில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். கருவியின் அடையாள எண்ணான ஐஎம்ஈஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். போலி எண் கொண்ட கருவி எந்த விலையிலும் வேண்டாம்.

பயன்படுத்திய மோடம் வாங்குவதென்றால், எந்த நிறுவனத்துக்காவது பூட்டப்பட்டதா என்று கேளுங்கள். ஜியோவின் கையடக்க வைஃபை மோடமான ஜியோஃபை போன்றவை ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு, எல்லா சிம்மும் போடலாம் என்று சொல்லி ஓர் இணைய விற்பனையாளர் பூட்டிய டாங்கிளை அனுப்பிவிட்டு, உறையைப் பிரித்துவிட்டீர்கள் என்று திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். பாவம், அவருடைய பணம் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று, சிம் அளவு. பழைய வடிவமைப்பு மோடம்களில் பெரிய அளவு சிம்முக்கான இடமே இருக்கும். இப்போதைய நானோ சிம்மை அடாப்டர் எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்திச் செருகும்போது சட்டத்தை மட்டும் வெறுமையாக உள்ளே தள்ளிவிடாதீர்கள். வெளியே இழுக்கையில் உள்ளிருக்கும் மெல்லிய தொடுகம்பிகள் அதில் மாட்டி வளைந்துவிடும். அப்படிக் கெட்டுப்போய் என் மேசைக்கு வந்த மோடம்கள் பல.

மோடத்தைக் கணினியின் முன்பக்கத் துளையில் செருகாமல், பின்பக்கம் தாய்ப்பலகையிலேயே உள்ள துளையில் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர். சிக்னல் குறைவாக உள்ள இடத்தில் மோடம் உரக்கப் பேச வேண்டியிருப்பதால் மின்சாரத்தை அதிகம் இழுக்கும். முன்பக்கத்து மெல்லிய கம்பியில் அது போதாமல் அடிக்கடி துண்டித்துத் துண்டித்து இணையும். பலர் இதை டவர் கோளாறு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

நத்தம் ஜெராக்ஸ்:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே பார்த்தேன். மேசையில் ஜியோ பேண்ட் 5-இல் இருக்கிறது, மைனஸ் 108. வாசலுக்குப் போனால் பேண்ட் 40-க்கு மாறுகிறது. ஏர்டெல் மேசையில் பேண்ட் 8, மைனஸ் 99. சன்னல் ஓரத்தில் வைத்தால் பேண்ட் 3-க்கு மாறி மைனஸ் 92 காட்டுகிறது. சன்னல், கணினியிலிருந்து கை நீட்டும் தூரத்தில்தான் உள்ளது.

அலைவரிசை:

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. ஏர்டெல் சிம்மை மோடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேண்ட் 3, 8 இரண்டும் இருக்கும் எந்த 4ஜி மோடமும் உங்களுக்குப் பொருந்தும். பேண்ட் 1, 40 கூடுதலாக இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. நல்ல தடிமனான ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, மோடத்தைச் சன்னல் ஓரத்தில் வையுங்கள். மைனஸ் 99-இலிருந்து மைனஸ் 92-க்கு வரும் அந்த ஏழு புள்ளி முன்னேற்றம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 10 புள்ளி என்றால் வந்து சேரும் ஆற்றல் பத்து மடங்கு, 7 என்றால் ஐந்து மடங்கு. வெளி ஆன்டெனாவுக்குப் பணம் செலவழிக்கும் முன்பு இந்தக் கேபிளை முயன்று பாருங்கள்.

தேனி வாசகி:

சகோதரி, வீட்டில் யாராவது பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பழைய 4ஜி கைப்பேசி இருக்கிறதா? திரை உடைந்திருந்தாலும் தொடுதல் வேலை செய்தால் போதும். இங்கே விற்பதற்கென்றே வந்த கைப்பேசியில் பேண்ட் 3, 5, 8, 40 பெரும்பாலும் இருக்கும் என்பதால் மேலே பேசிய சிக்கல் அதில் எழாது. இப்போது உங்கள் கைப்பேசியை இணைப்பது போலவே அதைக் கடையில் நிரந்தரமாக விட்டுவிடலாம். செலவு கேபிள் மட்டும்தான். ஒரே ஓர் எச்சரிக்கை: இரவு பகலாக மின்னேற்றத்திலேயே கிடந்தால் பேட்டரி நாளடைவில் உப்பிவிடும். கடை சாத்தும்போது கேபிளைக் கழற்றிவிடும்படி தம்பியிடம் சொல்லிவையுங்கள். முதுகு சற்று மேடிட்டாலும் உடனே பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். அத்தகைய கைப்பேசி கிடைக்காவிட்டால் மட்டும் மோடம் வாங்குங்கள் என்பது என் கருத்து.

எந்த வழியாக இருந்தாலும் திட்டத்தைக் கவனித்து ரீசார்ஜ் செய்யுங்கள். அளவில்லா 5ஜி என்று சொல்லும் திட்டங்களில், 4ஜி மோடத்துக்குக் கிடைப்பது அன்றாட டேட்டா ஒதுக்கீடு மட்டுமே. அதை விண்டோஸ் புதுப்பிப்பு ஒரே காலையில் விழுங்கிவிடும். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் அந்த இணைப்பைத் தேர்ந்தெடுத்து, அளவுக்கு உட்பட்ட இணைப்பு (மீட்டர்டு கனெக்‌ஷன்) என்று குறித்துவிட்டால் பெரிய பதிவிறக்கங்கள் தாமாகத் தொடங்கா.

நத்தம் ஜெராக்ஸ்:

அம்மாவின் பழைய கைப்பேசி அலமாரியில் இருக்கிறது. அது 4ஜி தான். இன்றே ஏர்டெல் சிம்மை அதில் மாற்றிச் சன்னலில் வைத்துப் பார்க்கிறேன். ஓர் ஐயம்: அந்த எண்ணுக்கு வங்கியின் ஓடிபி வருகிறது. பின்னால் மோடம் வாங்கி அதில் சிம்மைப் போட்டால் குறுஞ்செய்தியை எப்படிப் படிப்பது?

மேசைக்கணினி மதுரை:

பெரும்பாலான மோடம்களின் அமைப்புப் பக்கத்திலேயே குறுஞ்செய்திகளைப் படிக்கலாம். ஹுவாவே என்றால் உலாவியில் 192.168.8.1 என்று தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். ஆனால் வங்கி எண்ணைக் கடைக் கணினியில் விடவே வேண்டாம். அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்த எவரும் உங்கள் ஓடிபியைப் படித்துவிட முடியும். மோடத்துக்கென்று தனியாக ஓர் ஏர்டெல் சிம் வாங்கி, அதை எந்த வங்கிக் கணக்கோடும் இணைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கைப்பேசியைக் கடையில் விடுவதற்கும் இதே விதிதான்.