நானோகுழாய்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ்: முகடு வருகிறது, மின்னோட்டம் ஏறவில்லையே?

கயல்:
அனைவருக்கும் வணக்கம். குளுக்கோஸில் இயங்கும் நொதி மின்கலம் என் முனைவர் பட்ட ஆய்வு. கிளாசி கார்பன் மின்முனைமீது பலசுவர் கார்பன் நானோகுழாய்களைப் பூசி, அதன்மேல் குளுக்கோஸிலிருந்து எலெக்ட்ரானை எடுக்கும் நொதியான குளுக்கோஸ் ஆக்சிடேஸை ஏற்றியிருக்கிறேன். பி.எச். 7 பாஸ்பேட் கரைசலில் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) எடுத்தால், வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையை ஒப்பிட்டு -0.45 வோல்ட் அருகே தெளிவான இணை முகடுகள் வருகின்றன. எலெக்ட்ரான் நொதியிலிருந்து நேரடியாக வருவதற்கு இதுவே சான்று என்று பல கட்டுரைகள் சொல்கின்றன. ஆனால் நைட்ரஜன் செலுத்திய கரைசலில் குளுக்கோஸ் சேர்த்தால் மின்னோட்டம் அசையவே இல்லை. காற்றுப் படும்போது மட்டும் முகடு மாறுகிறது. ஓரணுத் தடிமன் கார்பன் தாளான கிராபீனுக்கு மாறிவிடலாமா?

செந்தில்:
குழாய்களை நைட்ரிக் அமிலத்தில் சுத்தம் செய்தீர்களா? தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட இரும்பு, நிக்கல் துகள்கள் தாமாகவே வினைபுரிந்து குழப்பும். அமிலம் பட்டால் கார்பாக்சில் தொகுதிகளும் உருவாகும், நீரில் நன்றாகக் கலையும்.

மாறன்:
செந்தில் சொன்ன சுத்தம் தேவைதான், ஆனால் இங்கே சிக்கல் கார்பனில் இல்லை. கிராபீனுக்குப் போனாலும் இதே முகடுதான் வரும்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸில் எலெக்ட்ரானை ஏந்தும் எஃப்.ஏ.டி. மூலக்கூறு புரதத்தின் ஆழத்தில், சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்திய உறைக்குள் இருக்கிறது. ஒரு நானோமீட்டருக்கும் அதிகமான அந்தத் தொலைவை எலெக்ட்ரான் எளிதில் தாண்டாது. நீங்கள் பார்ப்பது, நொதியிலிருந்து கழன்று குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்ட எஃப்.ஏ.டி.தான். நொதியே இல்லாமல் எஃப்.ஏ.டி.யை மட்டும் குழாய்மீது ஏற்றிப் பாருங்கள், அதே இடத்தில் அதே முகடு வரும். காற்றில் ஏற்படும் மாற்றத்துக்குக் காரணம் ஆக்சிஜன். நொதி அதைத் தின்றுவிடுவதால் ஆக்சிஜன் ஒடுக்க மின்னோட்டம் குறைகிறது. உங்கள் நொதி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சான்று, நேரடிப் பரிமாற்றத்துக்கு அல்ல. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் பார்ட்லெட்டும் அல்-லோலாஜும் 2018இல் இந்தக் கூற்றுகளை ஒவ்வொன்றாக அலசி, ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதற்குப் பிறகும் இதே முகட்டைக் காட்டிக் கட்டுரைகள் வந்துகொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மாணவர்களின் ஆண்டுகள் வீணாகின்றன.

கயல்:
நன்றி ஐயா. அப்படியானால் பிரான்சின் கிரெனோபிளில் 2011இல் செர்ஜ் கோஸ்னியே குழுவினர் இடைத்தூதர் (நொதிக்கும் மின்முனைக்கும் இடையே எலெக்ட்ரானைச் சுமக்கும் சிறு மூலக்கூறு) இல்லாமலேயே சதுர சென்டிமீட்டருக்கு 1.3 மில்லிவாட் எடுத்தது எப்படி?

மாறன்:
நல்ல கேள்வி. அவர்கள் குழாய்களையும் நொதியையும் கலந்து வில்லையாக அழுத்தினார்கள். வினையில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு சேராமல் இருக்க, அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியையும் சேர்த்தார்கள். அங்கே எலெக்ட்ரான் எந்த வழியில் வந்தது என்பதில் இன்றும் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. ஆனால் 2013இல் அதே குழு 1,4-நாஃப்தோகுயினோனை இடைத்தூதராக வைத்து வில்லை செய்தது. அந்த வழியைப் பிடியுங்கள். குயினோனின் வளையங்கள் குழாய்ச் சுவரோடு தாமாகவே ஒட்டிக்கொள்ளும். நானோகுழாயின் உண்மையான பயன் அங்கேதான்: பரப்பும், பிடிப்பும், கடத்தலும்.

ஆக்சிஜன் ஒடுங்கும் எதிர்ப்புற மின்முனையின் கதை வேறு. அங்கே பயன்படும் லாக்கேஸ் நொதியின் செம்பு மையங்களில் ஒன்று புரதத்தின் மேற்பரப்பை ஒட்டியே இருக்கிறது. குழாய்மீது ஆந்த்ரசீன் தொகுதிகளை இணைத்தால் நொதி அந்தப் பக்கமாகத் திரும்பி அமரும். எலெக்ட்ரானும் நேராகச் செல்லும். ஆனால் லாக்கேஸுக்கு அமிலத்தன்மைதான் பிடிக்கும், குளோரைடு ஆகாது. உங்கள் பி.எச். 7இல் அதே வேலையைச் செய்யும் பிலிரூபின் ஆக்சிடேஸ் எடுப்பது நல்லது.

செந்தில்:
எஃப்.ஏ.டி. சார்ந்த குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் கிடைத்தால் அதையும் முயலுங்கள். ஆக்சிஜனோடு வினைபுரியாது, பெராக்சைடும் வராது.

மாறன்:
ஆம், ஆனால் அதற்கும் இடைத்தூதர் வேண்டியிருக்கும். கயல், இப்போதிருக்கும் மின்முனையைத் தூக்கிப் போடாதீர்கள். நைட்ரஜனில் வைத்துக் கரைசலில் இடைத்தூதராகச் சிறிது ஃபெரோசீன் மெத்தனால் சேருங்கள், பிறகு குளுக்கோஸ். மின்னோட்டம் ஏறினால் அடுத்து குயினோனுக்குப் போகலாம். வரைபடத்தை இங்கே பதிவிடுங்கள், பார்க்கிறேன்.