வேவில் சுத்தம், எம்பி3-இல் கரகர: போட்டிக்கு ஏற்றிய பதிவுகள் பட்ட பாடு

தொப்பி_வலந்தலை:
போட்டிக்கு ஏழு நிமிஷ மிருதங்கத் தனி ஆவர்த்தனம், ஒரே மைக். வேவ் (சுருக்காத ஒலி) ஃபைலில் ஒரு குறையும் இல்லை. 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆனதும், சாப்பு என்ற அடி விழும் இடத்திலெல்லாம் அடுப்பில் கல்லுப்பு போட்ட மாதிரி ஒரு வெடிப்பு. காரணம், நார்மலைஸ் (உச்ச ஒலியளவை நிர்ணயிக்கும் வசதி) 0 டிபியில், அதாவது டிஜிட்டல் ஒலியின் உச்ச வரம்பிலேயே இருந்தது. எம்பி3 ஒலியில் கொஞ்சத்தை விட்டுவிட்டுத்தான் சேமிக்கும். திரும்ப விரிக்கும்போது அலையின் வடிவம் அச்சு அசலாக வராது, சில உச்சிகள் 0-வைத் தாண்டிவிடும். தாண்டியதை பிளேயர் வெட்டும். அந்த வெட்டுதான் வெடிப்பு. பிட்ரேட் குறையக் குறைய இது அதிகமாகும். வேவை -1.5 டிபிக்கு இறக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய்ததும் போய்விட்டது. எம்பி3-யையே திறந்து வால்யூமைக் குறைத்து இன்னொரு எம்பி3 ஆக்காதீர்கள், இரண்டாம் தடவையும் கசக்கப்படும்.

மாடி மைக்:
இது சுருதி விவகாரம். பாட்டு ஐந்து கட்டை. எம்பி3-யை ஓடவிட்டுப் பக்கத்தில் தம்புரா வைத்தால் நாலரையிலும் சேரவில்லை, நாலிலும் சேரவில்லை. நேரத்தைப் பார்த்தால் பத்து நிமிஷப் பாட்டு 10 நிமிஷம் 53 விநாடி. உச்சவரம்பு பத்து நிமிஷம் என்பதால் போட்டித் தளம் வாங்கவே இல்லை.

போன் பதிவு செய்தது விநாடிக்கு 48000 சாம்பிள் (ஒலியின் அளவீடு), போட்டி விதி கேட்டது 44100. ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் டிராக் பெயரை அழுத்தினால் வரும் மெனுவில் "ரேட்" என்று இருக்கும். அதை மாற்றினால் ஒலி மாற்றப்படாது. அதே சாம்பிள்களை மெதுவாக ஓட்டும், அவ்வளவுதான். சரியான இடம் டிராக்ஸ் மெனுவில் உள்ள ரீசாம்பிள். பழைய டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்தால் பாகவதர் குரல் கனக்குமே, அதே கதை.

பழைய கேசட்:
முதல் பதிவுக்காரருக்கு: 128 போட்டதே தப்பு. மிருதங்கத்துக்கு 320-க்குக் கீழே போகக் கூடாது. அடி விழுவதற்கு முன்னாலேயே "ஸ்ஸ்" என்று ஒரு நிழல் கேட்கும், கவனித்தீர்களா? என்கோடர் (எம்பி3 ஆக்கும் நிரல்) ஒலியைத் துண்டு துண்டாகத்தான் எடுக்கும், 44100-இல் ஒரு துண்டு, அதாவது ஃபிரேம், 1152 சாம்பிள், அதாவது 26 மில்லி விநாடி. பிட் போதாதபோது, அடியின் பிசிறு அதற்கு முந்தைய அமைதியிலும் பரவிவிடும். ஜால்ரா இன்னும் மோசம், 64-இல் மணலைக் கொட்டுகிற மாதிரி ஆகிவிடும். அப்புறம், ஆடாசிட்டிக்கு லேம் டிஎல்எல்லை (எம்பி3 ஆக்க உதவும் துணை ஃபைல்) தனியாக இறக்கி, எந்த ஃபோல்டரில் வைத்தோம் என்று குறித்துக்கொண்டு, பிரிஃபரன்ஸில் போய் லைப்ரரியைக் காட்ட வேண்டும். 32 பிட்டா 64 பிட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
லேம் டிஎல்எல் பேச்சு எதற்கு? 2019-இல் வந்த 2.3.2-லிருந்தே ஆடாசிட்டிக்குள் அது இருக்கிறது. எம்பி3 உரிமக் கட்டணச் சங்கடமும் 2017-லேயே தீர்ந்தது.

320 பற்றி: நிமிஷத்துக்கு 2.4 மெகாபைட், ஏழு நிமிஷத்துக்கு 16.8. போட்டி வரம்பு பெரும்பாலும் பத்து மெகாபைட். 192 போட்டால் 10.08, வாசலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ஒரே மைக் என்கிறார், அப்புறம் எதற்கு ஸ்டீரியோ? மோனோவில் 160 போடுங்கள், 8.4 மெகாபைட். அத்தனை பிட்டும் ஒரே சேனலுக்கு.

இடது காது:
மோனோ என்றதும் ஞாபகம் வந்தது. இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) முதல் இன்புட்டில் மட்டும் மைக் இருக்க, ஸ்டீரியோவில் பதிந்துவிட்டால் பாட்டு இடது காதில் மட்டும் கேட்கும். அப்படியே "மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ" கொடுத்தால் சராசரி எடுப்பதால் ஒலி 6 டிபி இறங்கிவிடும். டிராக் மெனுவில் ஸ்ப்ளிட் செய்து காலி டிராக்கை நீக்குவதே முறை.

இன்னொன்று. எம்4ஏ (வேறொரு ஒலி வடிவம்) ஃபைல் பெயரின் வாலை .எம்பி3 என்று திருத்தினால் அது எம்பி3 ஆகாது. பெயரை நம்பாமல் முதல் சில பைட்டுகளைப் பார்க்கிற தளங்கள் உண்டு. அங்கே "எஃப்டிஒய்பி" என்ற குறி காட்டிக்கொடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பி இன்னொருவரை ஏற்றச் சொல்வதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், வாய்ஸ் மெசேஜாக வேண்டாம்.

தொப்பி_வலந்தலை:
160 மோனோ, -1.5 டிபி. சரியாக 8.4 மெகாபைட். சாப்பு சுத்தம், முன்னால் வரும் நிழலும் இல்லை. கோர்வை முடிந்தபின் விட்ட இரண்டு விநாடி அமைதியில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. அதை எந்த என்கோடரும் விட்டுவிடவில்லை.