மைனஸ் 35இல் மொபைல் ஹோம்: வீட்டுக்குள் 22 டிகிரி, குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை

பீஸ்ரிவர்_புதுசு:
வணக்கம். இருப்பது ஆல்பர்ட்டாவில், கிராண்ட் பிரேரி பக்கம். வாடகை கட்டுப்படியாகாமல் செப்டம்பரில் ஒரு பழைய மொபைல் ஹோமை (தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து நிறுத்தும் வீடு) வாங்கிக் குடிவந்தோம், 1979இல் செய்தது. நான், மனைவி, மூன்று வயது மகள், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. நேற்று இரவு மைனஸ் 35. காலையில் பார்த்தால் சமையலறைக் குழாயில் ஒரு சொட்டு இல்லை, குளியலறையில் மட்டும் ஒழுங்காக வருகிறது. உள்ளே 22 டிகிரி இருக்கும்போது எப்படி உறையும் என்றே புரியவில்லை. அம்மாவுக்காக ஹாலில் ஒரு மின்சார ஹீட்டர் ஓடுகிறது, கேஸ் செலவைக் குறைக்கச் சமையலறைப் பக்கம் தரையில் சூடான காற்று வரும் வென்ட் இரண்டையும் மூடிவிட்டேன். குழாய் உறையாமல் இருக்க அதில் சுற்றும் மின்சார ஹீட் டேப் இருப்பதாக விற்றவர் சொன்னார், வேலை செய்கிறதா தெரியாது. என்ன செய்யலாம்?

பழைய_டிரெய்லர்காரன்:
தம்பி, அந்த மின்சார ஹீட்டரும் நீங்கள் மூடிய வென்ட்டும்தான் வேலையைக் காட்டியிருக்கின்றன. இந்த வீடுகளில் ஃபர்னஸின் (வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலை) சூடான காற்று போகும் குழலும் தண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் தரைக்கு அடியில், துணி கட்டி மூடிய ஒரே வயிற்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும், ஃபர்னஸ் ஓடினால்தான் அந்த வயிறு சூடாகும். ஹாலில் ஹீட்டர் வைத்தால் அங்கே மாட்டியிருக்கும் தெர்மோஸ்டாட் வீடு சூடாகிவிட்டது என்று நினைத்து ஃபர்னஸை அணைத்துவிடும், நீங்கள் மேலே கதகதப்பாக உட்கார்ந்திருக்க, அடியில் குழாய் விறைத்துப்போகும். வென்ட்டை உடனே திறங்கள், ஹீட்டரை அணையுங்கள். அம்மாவுக்கு இன்னொரு கம்பளியைக் கொடுங்கள்.

குளியலறையில் தண்ணீர் வருவதால் மண்ணிலிருந்து மேலேறும் குழாய் பிழைத்திருக்கிறது, அங்கேதான் ஹீட் டேப் சுற்றியிருக்கும். உறைந்தது சமையலறைக்குப் பிரியும் துண்டு. சமையலறைக் குழாயைத் திறந்தே வைத்துவிட்டு சிங்க் அடியிலிருந்து ஹேர் டிரையரைக் காட்டிக்கொண்டே போங்கள்.

சும்மா_சொல்றேன்:
கேஸ் டார்ச் வைத்துக் காட்டினால் அஞ்சு நிமிஷத்தில் இளகிவிடுமே?

பழைய_டிரெய்லர்காரன்:
இளகும், வீடும் சேர்ந்து எரியும். தரைக்கு அடியில் இருப்பதெல்லாம் மரமும் தார்த்தாளும் எலி கூடு கட்டிய பஞ்சும். தயவுசெய்து வேண்டாம். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து வீட்டைச் சூடாக்கும் யோசனையும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் இல்லையென்றால் இன்றைக்கே வாங்குங்கள்.

பனிக்காலத்து_அக்கா:
நாங்கள் பிள்ளைகளோடு எட்டு வருஷம் இப்படி ஒரு வீட்டில் இருந்தோம். சிங்க் அடி அலுமாரிக் கதவுகளை இரவில் திறந்து விடுங்கோ. வெளியில் வீட்டு அடியை மறைக்கிற ஸ்கர்ட்டிங்கைச் சுற்றி ஒருக்கால் நடந்து பாருங்கோ, எங்கள் வீட்டில் ஒரு பலகை கழன்று உள்ளங்கை அகலத்துக்குத்தான் இடைவெளி இருந்தது, காற்று நேரே அதற்குள்ளால் போய் அடித்தது. உள்பக்கம் ஃபோம் பலகை வைத்து அடைத்தோம். குசினியில் இட்லி அவிக்கும்போது ஃபேனைப் போடுங்கோ, நீராவி முழுக்க ஜன்னலில் ஐஸாகும், பிறகு பூஞ்சணம். குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் உறையாது என்றும் சொல்வார்கள்.

பழைய_டிரெய்லர்காரன்:
எல்லாம் சரி அக்கா, அந்தச் சொட்டு விஷயத்தில் மட்டும் கவனம். இந்தக் குளிரில் சொட்டுகிற தண்ணீர் கழிவுக்குழாயில் அடுக்கடுக்காக உறைந்து அதையே அடைத்துவிடும், எனக்கே நடந்தது. விடுவதென்றால் பென்சில் கனத்துக்கு ஓட விடவேண்டும். தம்பி, ஹீட் டேப்பின் பிளக் பக்கம் சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். பழைய வகையாக இருந்து ஒன்றன்மேல் ஒன்று சுற்றியிருந்தால் தீப்பிடிக்கும், அதை மாற்றிவிடுங்கள்.

பீஸ்ரிவர்_புதுசு:
ரொம்ப நன்றி. வென்ட்டைத் திறந்து ஃபர்னஸை மட்டும் விட்டதில் மூன்று மணி நேரம் கழித்துக் குழாய் இருமியது, அப்புறம் தண்ணீர் வந்தது. குழாய் எங்கும் வெடிக்கவில்லை. டார்ச் லைட்டோடு அடியில் ஊர்ந்து பார்த்தேன், ஹீட் டேப்பில் விளக்கு எரிகிறது. ஆனால் சமையலறைக்கு நேர் கீழே வயிற்றுத் துணி முழங்கை நீளத்துக்குக் கிழிந்து பஞ்சு தொங்குகிறது. அதை இந்தக் குளிரில் எந்த டேப் வைத்து ஒட்டினால் நிற்கும்?

பழைய_டிரெய்லர்காரன்:
வீட்டில் இருக்கும் சாதா டேப் நிற்காது. வயிற்றுத் துணிக்கென்றே விற்கும் டேப்பைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குள் வைத்துச் சூடாக்கி, கிழிசலைத் துடைத்துக் காயவிட்ட பிறகு ஒட்டுங்கள். மைனஸ் 20க்கு மேல் ஏறும் நாளாகப் பாருங்கள், கை விறைக்கும்.