மால்ட்டாவில் 5 நாள்: முட்டி வலியுள்ள அம்மாவோடு எப்படிச் சுற்றுவது?

வணக்கம். அக்டோபரில் குடும்பத்தோடு மால்ட்டா போகிறோம். நான், மனைவி, 5 வயது மகன், முட்டி வலியுள்ள அம்மா. அங்கே போய்வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

தலைநகர் வலேட்டாவில் தங்குகிறோம். தெருக்களே படிக்கட்டுகளாக இறங்குகிற ஊர் அது! துறைமுகத்திலிருந்து மேல் பரக்கா தோட்டத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, சரி. அங்கே நடக்கும் நண்பகல் பீரங்கி முழக்கத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறான் மகன். மற்ற இடங்களில் அம்மாவை அதிகம் ஏற விடாமல் எப்படிக் கூட்டிப்போவது?

ஹால் சஃப்லியேனி பாதாளக் கல்லறைக்கு 6 வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லையாம். டிக்கெட்டும் லேசில் கிடைக்காது. நாங்கள் மாறி மாறிப் போகலாமா, இல்லை விட்டுவிட்டு ஹஜார் இம் கற்காலக் கோயில்களோடு நிறுத்திக்கொள்ளலாமா?

அப்புறம் கோசோ தீவு. சிர்கெவ்வாவிலிருந்து படகில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அங்குள்ள ஜகான்டியா கற்காலக் கோயில்களையும் விக்டோரியா கோட்டையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் கார் எடுக்க எனக்கு ஆசை. பேருந்தே போதும் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?