வெள்ளத்தில் நின்ற கார்: சாவியைத் திருப்பலாமா?

கேள்வி – திருத்துறைப்பூண்டி
மூன்று நாள் அடைமழையில் வாசலில் நின்ற காருக்குள் இருக்கை வரை தண்ணீர் ஏறிவிட்டது. இன்று காலைதான் வடிந்தது. நான்கு வயது முடிந்த 1,200 சிசி பெட்ரோல் வண்டி. ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார் என்கிறார் மாமா. பாலிசியில் பேக்கேஜ், ஐடிவி 3,20,000, என்சிபி 45% என்றிருக்கிறது. இவற்றுக்கு என்ன பொருள்? பணம் கிடைக்குமா? வாரம் இருமுறை அப்பாவை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போகும் வண்டி இது.

பதில் – மன்னார்குடி
தம்பி, சாவியைத் தொடவே வேண்டாம். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். என் மைத்துனர் அப்படித்தான் திருப்பினார். இருக்கை, வயரிங் செலவைக் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், எஞ்சின் செலவைக் கொடுக்கவில்லை. பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றுங்கள். கதவில் தண்ணீர் நின்ற கோடு தெரியப் படம் எடுங்கள். சேறு காய்ந்து உதிர்ந்தால் அந்தக் கோடும் போய்விடும்.

பதில் – கும்பகோணம், காப்பீட்டு முகவர்
பேக்கேஜ் என்றால் மூன்றாம் நபர் காப்பீட்டோடு (நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) சொந்த வண்டிச் சேதமும் சேர்ந்தது; வெள்ளம் அதில் அடங்கும். சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்திருந்தால் ஒரு ரூபாயும் வராது. ஐடிவி என்பது வண்டி முழுச் சேதமானால் கிடைக்கும் உச்சத் தொகை. பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதமாகக் கணக்கிடுவார்கள். என்சிபி, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி. இப்போது கேட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது போய்விடும். சிறு கீறலுக்கு யோசிக்கலாம், இருக்கை வரை வந்த தண்ணீருக்கு யோசிக்காதீர்கள். கூடுதல் காப்பீடுகளில் 'ஜீரோ டெப்' (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காதது), 'எஞ்சின் பாதுகாப்பு' இருக்கின்றனவா?

கேள்வி கேட்டவர்
ஜீரோ டெப் மட்டும் இருக்கிறது ஐயா.

பதில் – கும்பகோணம், காப்பீட்டு முகவர்
நல்லது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். உங்கள் வண்டிக்குக் கட்டாயக் கழிவு, அதாவது செலவில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, 1,000 ரூபாய். எஞ்சின் பாதுகாப்பு இல்லாததால், ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைந்தால் அதை 'விளைவுச் சேதம்' (வெள்ளம் நேரடியாகச் செய்யாமல் பின்னால் வந்த சேதம்) என்று தள்ளிவிடுவார்கள். முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு இழுவை வண்டியில் ஏற்றுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் பிரிக்க விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்
மாமாவிடம் இருந்து சாவியை வாங்கி வைத்துவிட்டேன். தகவல் சொல்லியாயிற்று, நாளை காலை சர்வேயர் வருகிறார். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு வாடகை வண்டி பேசிவிட்டேன்.