பழைய ரிங் ஃப்ரேமுக்கு டிரைவ் போட்டால் கரண்டு மிச்சமாகுமா?

நாற்பதாம்_நம்பர்:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் சின்ன மில். ஜி5/1 ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் மெஷின்) ஆறு ஓடுகிறது, 40-ஆம் நம்பர் நூல். இன்னும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்தான், மோட்டார் ஒரே ஸ்பீடில்தான் ஓடும். ஸ்பீடு மாற்ற ஃபிட்டர் மோட்டார் புல்லியைக் கழற்றி மாட்டணும், அதற்கே அரை ஷிஃப்ட் போய்விடும். பேனல் செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, டிரைவும் (மோட்டார் ஸ்பீடை மாற்றும் கருவி) பிஎல்சியும் (அதற்குக் கட்டளை தரும் சின்னக் கம்ப்யூட்டர்) போட்டால் பில் 20 சதவீதம் குறையும், ஒன்றரை வருஷத்தில் காசு திரும்பிவிடும் என்கிறார். முதலாளி என் வாயைப் பார்க்கிறார். போட்டவர்கள் சொல்லுங்கள். ஸ்பீடு மாறினால் டிபிஐ (நூலில் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு) மாறாதா?

பழைய_ஃபிட்டர்:
டிபிஐ பயம் வேண்டாம். முறுக்கேற்றும் ஸ்பிண்டிலுக்கும் நூலை வெளியே விடும் முன் ரோலருக்கும் ஒரே மோட்டார்தான், நடுவில் பல்சக்கரம். குறைந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும், முறுக்கு அப்படியே நிற்கும். ஆனால் ஸ்பிண்டிலைச் சுற்றவைக்கும் டேப் தளர்ந்திருந்தால் ஸ்பிண்டிலுக்கு ஸ்பிண்டில் முறுக்கு மாறும், அதை எந்த டிரைவும் சரிசெய்யாது, முதலில் டேப்பையும் அதை இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கி புல்லியையும் பாருங்க.

20 சதவீதம் என்பது கதை. ஸ்பீடைக் குறைத்தால் கரண்டு குறையும், நூலும் குறையும். கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்க, பேச்சை மாற்றுவார். லாபம் வேறு இடத்தில் இருக்கு. காப் (குழலில் சுற்றும் நூல் கண்டு) அடி கட்டும்போது, நூல் சுழன்று விரியும் பலூன் நீளம், இழுவை அதிகம், நுனியிலும் தொந்தரவு. ஒரே ஸ்பீடில் ஓட்டினால் அடி தாங்குகிற ஸ்பீடிலேயே முழு டாஃபும் (காப் நிறைந்து கழற்றும் வரை) ஓடணும். நாங்க முன் ரோலரில் ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார் வைத்து, எத்தனை மீட்டர் ஓடியது என்பதை வைத்து ஸ்பீடை மாற்றினோம்: அடியில் ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 13,500 சுற்று, நடுவில் 16,000, நுனியில் மறுபடி கொஞ்சம் குறைவு. அறுகிறது குறைந்தது, அறுந்த நூலை ஒட்டும் சைடர் பெண்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆசைப்பட்டு ஏற்றிவிடாதீங்க, 42 மி.மீ. ரிங்கில் 16,000 என்றாலே ட்ராவலர் (ரிங் மேல் ஓடும் குட்டிக் கொக்கி) நொடிக்கு 35 மீட்டர் ஓடுது, தேய்ந்த ரிங் என்றால் கருகிவிடும்.

பேனல்_பையன்:
அண்ணா சொன்னது சரி. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மோட்டார் பக்கத்தில் பழைய கெபாசிட்டர் இருந்தால் கட்டாயம் கழற்றுங்கள், டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அது இருக்கவே கூடாது. நான் ஒன்றைக் கவனிக்காமல் ஆன் செய்து, ட்ரிப், ட்ரிப், ட்ரிப் என்று ஒரு ராத்திரி போச்சு. ரெண்டு மூணு தடவை ரீவைண்டிங் செய்த மோட்டார் என்றால் மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள், டிரைவ் தரும் வோல்டேஜ் குத்தலுக்கு அந்த இன்சுலேஷன் தாங்காது. அப்புறம் பஞ்சு. மூணாவது வாரம் பேனல் ஃபில்டரைத் திறந்தால் மெத்தை மாதிரி இருந்தது, மத்தியானமானால் சூட்டில் டிரைவ் நின்றுவிடும். ஏர் அடித்தால் பஞ்சு உள்ளேதான் போகும், வாக்குவம் வையுங்கள்.

ஈரக்காற்று:
கரண்டு மிச்சம்தான் வேண்டுமென்றால் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள். மில்லுக்குள் ஈரக்காற்று தரும் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனுக்கு டிரைவ் போடுங்கள். ஃபேனில் ஸ்பீடின் மூன்றாம் படிக்குத்தான் (ஸ்பீடு × ஸ்பீடு × ஸ்பீடு) பவர் போகும், 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினாலே ஏறக்குறைய பாதி. மழைக்காலத்தில், ராத்திரியில் முழுக் காற்று எதுக்கு? ஃப்ரேமில் அறுந்த நூலை உறிஞ்சும் நியூமாஃபில் ஃபேனுக்கும் இதே கணக்குதான், ஆனால் உறிஞ்சுவது குறைந்து அறுந்த நூல் ரோலரில் சுற்றாமல் பார்த்துக்கணும்.

நாற்பதாம்_நம்பர்:
ரொம்ப நன்றி. முதலாளியிடம் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன், அப்புறம் ஒரே ஒரு ஃப்ரேம் என்று சொல்லிப் பார்க்கிறேன். அந்த ஃப்ரேமுக்குத் தனி யூனிட் மீட்டர், டிரைவோடு சேர்த்து மாட்டினால் போதுமா?

பழைய_ஃபிட்டர்:
போதாதுங்க. இப்பவே மாட்டுங்க, பழைய ஸ்டார்ட்டரில் ஒரு மாசம் ஓடட்டும். கூடவே டாஃபுக்கு எத்தனை அறுந்தது என்று சைடரை எழுதி வைக்கச் சொல்லுங்க. இல்லையென்றால் பேனல்காரர் சொல்வதுதான் கணக்கு.